எட்டுப் பேர் ஏன் வரவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முன்னாள் ராணுவத்தினர், தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் என்று பன்னிரண்டு பேர் வாரம் ஒருமுறை கூடிப் பேசத் தொடங்கினோம். முதல் நாள் ஒவ்வொருவரும் தாங்கள் கண்டதிலேயே கொடூரமான சம்பவத்தைச் சொன்னோம். மனம் லேசானது போலிருந்தது. நான்காவது வாரம் வந்தது நாலே பேர். எங்கே தவறினோம்?

கே.

அன்புள்ள கே.,

முதல் நாளிலேயே. சொன்னவர் வீட்டுக்குப் போனதும் 'இவ்வளவு கொட்டியிருக்க வேண்டாமே' என்று கூசிப்போவார். கேட்டவருக்கோ அன்று ராத்திரி தன் சம்பவம் கனவில் வரும். மறுபடி வர இருவருக்குமே கால் எழாது. கோர நிகழ்ச்சி முடிந்த கையோடு உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே அமர்வில் பேசவைக்கும் முறைக்கு ஒருகாலத்தில் நல்ல மவுசு இருந்தது. பல மருத்துவச் சோதனைகளின் முடிவுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அது பின்னாளைய பாதிப்பைத் தடுக்கவில்லை, கட்டாயமாகச் செய்வதை நிறுத்தவேண்டும் என்றது. அதில் எடுத்துக்கொண்ட சோதனைகள் பெரும்பாலும் தனிநபர்களிடம் நடந்தவைதான். ஆனாலும் குழு நடத்துபவர் அதை ஒதுக்கிவிட முடியாது.

சம்பவத்தை விடுங்கள், இந்த வாரத்தைப் பேசுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், திடுக்கிட்டு எழுந்தபின் என்ன செய்தீர்கள், வீட்டில் யாரிடம் எரிந்து விழுந்தீர்கள். சக தோழரால் இதில் உதவ முடியும். சம்பவத்தைத் திறந்து மூடுவது பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் வேலை. கனவும் பதற்றமும் ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் அவரிடம் அனுப்பிவிடுங்கள்.

பன்னிரண்டு பேர் அதிகம். ஒன்றரை மணி நேரத்தைப் பங்கிட்டால் ஆளுக்கு ஏழரை நிமிடம்! எட்டோடு நிறுத்துங்கள். நடத்த இருவர் வேண்டும்: ஒருவர் பேச்சை நகர்த்த, மற்றவர் முகங்களைப் பார்க்க. யாராவது எழுந்து வெளியே போனால் இரண்டாமவர் பின்னால் போகவேண்டும். கதவுக்கு முதுகு காட்டி உட்காரப் பலருக்கு முடியாது. சுவரோரம் நாற்காலி போடுங்கள். மது கூடவே கூடாது.

அதிகாரியும் அவருக்குக் கீழே வேலை செய்பவரும் ஒரே வட்டத்தில் இருந்தால் கீழே இருப்பவர் வாய் திறக்கமாட்டார். 'மனநிலை சரியில்லை' என்று பணியிலிருந்து ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு உண்மையானது. ஷிப்ட் வேலைக்காரர்களை மறந்து ஒரே கிழமை, ஒரே மாலை என்று வைத்தீர்களா என்றும் பாருங்கள். இதிலும் குழுக்கள் கரையக்கூடும்.

இங்கே பேசியது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் போகும். இதை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் 'தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 'ஆம்' என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். துப்பாக்கி, மாத்திரை எதுவும் கைக்கு எட்டக்கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

வராத எட்டுப் பேருக்கும் தனித்தனியாக போன் செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகச் செய்தி போடவேண்டாம். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். முதல் நாள் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டோம், இனி கேட்கமாட்டோம் என்று மட்டும் சொல்லுங்கள்.