ரிப்போர்ட்டில் ‘ஆன்டிபாடி’ என்று இருக்கிறதே, அம்மாவுக்குத் தொற்றா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதால் தினமும் டிகாக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறார். காலை 8 மணிக்கு மாத்திரை போட்டு, 10 மணிக்கு ரத்தம் கொடுத்தோம். மருந்தின் அளவு மில்லிக்கு 2.4 நானோகிராம் என்று வந்தது. கீழே ‘ஆன்டிபாடி முறை’ என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஏதாவது தொற்றா?

பதில்: தொற்று இல்லை, பயப்படாதீர்கள். ஆன்டிபாடி என்பது கிருமி போன்ற எதிரியைப் பிடிக்க உடம்பு உண்டாக்கும் புரதம்; ஆனால் ரிப்போர்ட்டில் உள்ள ஆன்டிபாடி அம்மாவின் உடம்பில் உண்டானதல்ல. மருந்தை அளப்பதற்காக ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் பொருள்.

டிகாக்ஸின் ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பது. மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் உடம்பு அதை எதிரியாக மதிப்பதே இல்லை. 1967-இல் பட்லர், சென் என்ற இருவர் அதை ஒரு புரதத்தோடு ஒட்டி முயலுக்கு ஊசி போட்டார்கள். முயலின் ரத்தத்தில் டிகாக்ஸினைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி உருவானது. இரண்டே வருடத்தில் நோயாளிகளின் ரத்தத்தில் மருந்தை அளக்க அது பயன்பட்டது.

அளப்பது எப்படி? பந்தியில் கொஞ்சம் இலைதான் போட்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த இலைகள்தான் ஆன்டிபாடி. அடையாளம் போட்ட டிகாக்ஸினை ஆய்வுக்கூடம் அனுப்புகிறது. அம்மாவின் ரத்தத்தில் உள்ளதும் கூடவே இடம் பிடிக்கப் பார்க்கும். அடையாளம் போட்டதற்கு எவ்வளவு குறைவாக இடம் கிடைக்கிறதோ, அம்மாவின் ரத்தத்தில் மருந்து அவ்வளவு அதிகம். சில ஆன்டிபாடிகள் ஆள் மாறாட்டமும் செய்யும்: அரளியின் நஞ்சைக்கூட டிகாக்ஸின் என்று காட்டும். நாட்டு மருந்து ஏதும் சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் எல்லாம் 10 மணிக்கே ரத்தம் எடுத்ததன் மேல்தான். மாத்திரை போட்டதும் மருந்து முதலில் ரத்தத்தில் குவியும். இதயத்துக்கும் தசைக்கும் பரவக் குறைந்தது 6 மணி நேரமாவது வேண்டும். அதற்கு முன் எடுத்தால் எண் ஏறித்தான் தெரியும். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பு எடுப்பதே நல்லது.

அதற்காக 2.4 என்ற அதிக அளவை ஒதுக்கிவிடவும் முடியாது. இன்றே டாக்டருக்கு போன் செய்து, நாளைய மாத்திரை போடலாமா என்று கேளுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் குறைந்தால் சரியான அளவுகூட நஞ்சாகலாம். பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் சாயல், மயக்கம், நாடி மெதுவாதல் என எது இருந்தாலும் மறுபரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.

அப்புறம், அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது கடைசி மாத்திரை போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பது அபூர்வம்.