லைப்ரரி கார்டுல உலக சினிமா: அமெரிக்கால இருக்கறவங்களோட கேள்விகளுக்கு பதில்

வணக்கம் மக்களே. பப்ளிக் லைப்ரரில பழைய படம், வெளிநாட்டுப் படம் எடுக்கறது பத்தி நிறைய பேர் தனித்தனியா கேட்டுட்டே இருந்தீங்க, அதனால கேள்வி எல்லாத்தையும் சேத்து ஒரே இடத்துல பதில் எழுதறேன். நான் ஒரு சின்ன ஊரு லைப்ரரில பார்ட் டைமா டெஸ்க்ல உக்காந்திருக்கேன், டிவிடி ஷெல்ஃப் எல்லாம் என் பொறுப்புதான். ரூல் ஊருக்கு ஊரு மாறும், அதனால நான் சொல்றதோட உங்க லைப்ரரி வெப்சைட்டையும் ஒரு தடவ பாத்துக்கோங்க.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): அக்கா, ஹெச்4ல (வீட்டுக்காரரோட வேலை விசாவ வச்சு வர்ற விசா) வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) கெடையாது. கார்டு குடுப்பாங்களா? காசு கேப்பாங்களா?

குடுப்பாங்கம்மா, உங்க ஊரு லைப்ரரினா காசு கெடையாது. அவங்களுக்கு வேண்டியது ரெண்டே விஷயம், நீங்க யாருன்னு ஒரு ஐடி (பாஸ்போர்ட் போதும்), அந்த ஊருலதான் இருக்கீங்கன்னு ஒரு ப்ரூஃப், அதாவது லீஸ் பேப்பர் இல்லன்னா உங்க பேருல வந்த கரண்ட் பில்லோ பேங்க் லெட்டரோ. விசா என்ன ஏதுன்னு பெரும்பாலான இடத்துல கேக்கவே மாட்டாங்க. பில் எல்லாம் வீட்டுக்காரர் பேருல இருந்தா அவரயும் கூட்டிட்டுப் போங்க, வேலை சுலபமா முடிஞ்சிடும்.

இன்னொண்ணு, ஒரே கார்டோட நிறுத்திக்காதீங்க. நியூயார்க் ஸ்டேட்ல எங்க இருந்தாலும், அது பஃபலோவா இருந்தாலும் சரி, நியூயார்க் பப்ளிக் லைப்ரரி, ப்ரூக்ளின், குவீன்ஸ் மூணுலயும் கார்டு வாங்கலாம். வேலைக்கோ படிப்புக்கோ அந்த ஸ்டேட்டுக்கு வந்து போறவங்களுக்கும் உண்டு, அதனால ஜெர்சில இருந்து தினமும் ட்ரெயின் ஏறி மன்ஹாட்டன் போறவங்க இத விடவே கூடாது. கலிஃபோர்னியாலயும் அப்படித்தான், ஸ்டேட்ல குடியிருந்தா போதும், சான் ஃப்ரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் ரெண்டு லைப்ரரி கார்டும் ஃப்ரீயா கெடைக்கும்.

கேள்வி (சியாட்டில்): நெட்ஃப்ளிக்ஸ், ப்ரைம் எல்லாம் இருக்கு. இன்னும் எதுக்கு டிஸ்க்?

இதுக்குக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், மத்த எல்லா பதிலுக்கும் அடிப்படை இதுதான்.

நெட்ஃப்ளிக்ஸ் 1998ல டிவிடிய தபால்ல அனுப்பற கம்பெனியா ஆரம்பிச்சது, 2023 செப்டம்பர் 29ல கடைசி டிஸ்க அனுப்பிட்டு அந்த சர்வீஸையே மூடிட்டாங்க. ஸ்ட்ரீமிங்ல எங்கயும் இல்லாத ஆயிரக்கணக்கான படம் அந்த கவர்லதான் வீடு வீடா போயிட்டு இருந்துச்சு. ஃபில்ம்ஸ்ட்ரக்னு ஒண்ணு, கிளாசிக் படத்துக்குன்னே 2016 நவம்பர்ல தொடங்கினாங்க, 2018 நவம்பர்ல மூடிட்டாங்க, முழுசா ரெண்டே வருஷம். நீங்க மாசாமாசம் காசு கட்டறது பாக்கற உரிமைக்கு மட்டும்தான், லைசென்ஸ் முடிஞ்ச அன்னிக்கு படம் காணாம போயிடும், உங்ககிட்ட யாரும் கேக்க மாட்டாங்க.

லைப்ரரி டிஸ்க் அப்படி இல்ல. கடைல காசு குடுத்து வாங்கின ஒரு பிரதிய வாங்கினவங்க விக்கலாம், இரவல் குடுக்கலாம், தயாரிப்பாளர் தடுக்க முடியாது. புஸ்தக விஷயத்துல 1908லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது இது, இப்ப காப்பிரைட் சட்டத்துல 109வது பிரிவா இருக்கு. அந்த ஒரு பிரிவாலதான் உங்க ஊரு லைப்ரரி ஜப்பான் டைரக்டர் குரோசாவாவோட ஒரு படத்த ஒரு தடவ வாங்கி பதினஞ்சு வருஷம் எல்லாருக்கும் குடுத்துட்டே இருக்க முடியுது. அது உங்க வரிப்பணத்துல வாங்கின, ஊருக்கே சொந்தமான பொருள். ஆனா எடுக்க ஆள் இல்லன்னா ஷெல்ஃப்ல தங்காது. லைப்ரரில வருஷா வருஷம் களையெடுப்போம், ரெண்டு மூணு வருஷமா யாரும் தொடாத டிஸ்க் லிஸ்ட் கம்ப்யூட்டர்ல தானா வந்து நிக்கும், அதுல பாதிக்கு மேல வெளிநாட்டுப் படமா இருக்கும், பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். நீங்க ஒரு தடவ எடுத்துட்டுப் போனா அந்தப் படத்துக்கு ஆயுசு கூடுது, அது நெஜம்.

கேள்வி (ஃப்ரீமாண்ட்): கனோபி, ஹூப்லா ரெண்டு ஸ்ட்ரீமிங் ஆப்பும் லைப்ரரி கார்டோட ஃப்ரீ தானே, அதுல பாத்தா பத்தாதா?

தாராளமா பாருங்க, கனோபில உலக சினிமா நல்லாவே இருக்கு. மாசத்துக்கு இத்தன டிக்கெட்னு லைப்ரரி வைக்கும், ஒவ்வொரு படத்துக்கும் சில டிக்கெட் போகும். ஹூப்லால மாசத்துக்கு இத்தன படம்னு கணக்கு, எடுத்தா மூணு நாள் இருக்கும்.

ஆனா உங்களுக்குத்தான் அது ஃப்ரீ, லைப்ரரிக்கு இல்ல. நீங்க ப்ளே பண்ணற ஒவ்வொரு தடவைக்கும் லைப்ரரி காசு கட்டுது, கூட்டம் கூடக் கூட பில் ஏறும். 2019 ஜூலைல நியூயார்க், ப்ரூக்ளின், குவீன்ஸ் மூணு லைப்ரரியும் செலவு தாங்கலன்னு கனோபிய நிறுத்தினாங்க, அவ்ளோ பெரிய லைப்ரரிகளுக்கே அந்த நெலமை. அதனால என் பழக்கம் என்னன்னா டிஸ்க் ஷெல்ஃப்ல இருந்தா டிஸ்க், டிஸ்க்கே கெடைக்காத படத்துக்கு மட்டும் டிக்கெட். படத்த ஓட விட்டுட்டு தூங்கிடாதீங்க, அதுக்கும் லைப்ரரி காசு கட்டும்.

கேள்வி (சிகாகோ): கேட்டலாக்ல தேடினா ஒண்ணுமே வர மாட்டேங்குதுங்க. எங்க லைப்ரரில ஃபாரின் படமே இல்லன்னு நெனக்கிறேன்.

இருக்கும், தேடற விதத்த மாத்துங்க. படத்தோட பேர விட்டுட்டு டைரக்டர் பேர போடுங்க, ஃபார்மட்ல டிவிடியும் ப்ளூரேயும் மட்டும் டிக் பண்ணுங்க, பக்கத்துல மொழின்னு ஒரு ஃபில்டர் இருக்கும், அதுல ஜாப்பனீஸோ பெர்ஷியனோ எடுத்தா உங்க ஊருல இருக்கறது மொத்தமும் வரிசையா வந்துடும். நான் அதிகமா சொல்லிக் குடுக்கற வழி இன்னொண்ணு, டிஸ்க் வெளியிடற கம்பெனி பேர போட்டு தேடறது. கிரைட்டீரியன்னு போடுங்க, கினோ லோர்பர்னு போடுங்க. கிரைட்டீரியன் 1984ல லேசர்டிஸ்க் (டிவிடிக்கு முந்தின பெரிய டிஸ்க்) காலத்துல இருந்தே நல்ல படங்கள டிஸ்க்கா போடற வேலைய செய்யறாங்க, பேரு தெரியாத படமா இருந்தாலும் அவங்க போட்டதுன்னா நம்பி எடுக்கலாம்.

அதே மாதிரி பாக்ஸ் செட்ட மறந்துடாதீங்க. ஹாலிவுட் டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்சேசி பழைய உலகப் படங்கள மீட்டெடுக்க நடத்தற வேர்ல்ட் சினிமா ப்ராஜெக்டோட முதல் தொகுப்பு 2013ல வந்தது, ஆறு படம், அதுல வங்காள டைரக்டர் ரித்விக் கட்டக் 1973ல எடுத்த தித்தாஷ் நதி படமும் ஒண்ணு. செனகல், துருக்கி, கொரியா, மொராக்கோ, மெக்சிகோ எல்லாம் ஒரே டப்பால இருக்கு. பெரும்பாலும் ஒரே செக் அவுட்டாத்தான் கணக்கு வைப்பாங்க.

கேள்வி (டல்லாஸ்): எங்க லைப்ரரில நெஜமாவே இல்ல. வேற ஊருல இருந்து வரவழைக்க முடியுமா?

மூணு வழி இருக்கு. முதல்ல வேர்ல்ட்கேட் சைட்ல போய் படத்த தேடுங்க, எந்தெந்த லைப்ரரில இருக்குன்னு உங்க ஊருல இருந்து தூரத்தோட காட்டும். பக்கத்து ஊருலயே இருந்தா டெக்சாஸ்காரங்களுக்கு டெக்ஸ்ஷேர் கார்டுன்னு ஒண்ணு உண்டு, உங்க லைப்ரரி டெஸ்க்ல கேட்டா எழுதிக் குடுப்பாங்க, அத வச்சு அதுல சேந்திருக்கற மத்த லைப்ரரிலயும் நேர்ல போய் எடுக்கலாம். சில எடத்துல புக் மட்டும்தான் குடுப்போம்பாங்க, அதனால கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணிடுங்க.

மூணாவது இன்டர்லைப்ரரி லோன், அதாவது உங்க லைப்ரரியே வேற லைப்ரரில இருந்து உங்களுக்காக இரவல் வாங்கித் தர்றது. பல பப்ளிக் லைப்ரரி டிஸ்க வெளியூருக்கு அனுப்பாது, ஒடஞ்சிடும்னு பயம். யுனிவர்சிட்டி லைப்ரரிங்கதான் கொஞ்சம் தாராளமா அனுப்புவாங்க. ஃபார்ம்ல வருஷம், டைரக்டர், கம்பெனி மூணையும் எழுதுங்க, சும்மா பேர மட்டும் எழுதினா அதே பேருல வந்த ரீமேக் வந்து சேரும். ரெண்டு மூணு வாரம் பொறுமையா இருக்கணும்.

கேள்வி (பாஸ்டன்): ஒரே படம் நாலு விதமா இருக்கு, எத எடுக்கறது?

கேட்டலாக்ல ஓடற நேரத்த பாருங்க, பாதி விஷயம் அதுலயே தெரிஞ்சிடும். ஃப்ரிட்ஸ் லாங்கோட மெட்ரோபோலிஸ் 1927ல வந்த ஜெர்மன் சைலன்ட் படம். வெளிவந்த கொஞ்ச நாள்லயே வெட்டித் தள்ளிட்டாங்க, எண்பது வருஷமா கால்வாசி படம் தொலஞ்சதாவே நெனச்சிட்டு இருந்தாங்க, அப்புறம் 2008ல அர்ஜென்டினாவுல பியூனோஸ் ஐரஸ் மியூசியத்துல ஒரு 16 எம்எம் பிரதி கெடச்சு 2010ல கிட்டத்தட்ட முழுசா ரெஸ்டோர் பண்ணினாங்க. அது ரெண்டரை மணி நேரம் கிட்ட ஓடும். லைப்ரரி ஷெல்ஃப்ல ஒன்றரை மணி நேர பதிப்பும் இருக்கும், காப்பிரைட் முடிஞ்ச படம்னு யாரோ மங்கலான பிரதிய மலிவா போட்ட டிஸ்க்கும் இருக்கும். அத எடுத்துப் பாத்துட்டு சைலன்ட் படமே போர்னு முடிவு பண்ணிடாதீங்க.

டிஸ்க்ல படத்தோட சேந்து வர்ற பேட்டி, மேக்கிங் மாதிரி எக்ஸ்ட்ராஸையும் பாருங்க, ஸ்ட்ரீமிங்ல பாதி நேரம் அது வராது. சத்யஜித் ராயோட அப்பு படங்கள் மூணோட ஒரிஜினல் நெகட்டிவ் 1993ல லண்டன் லேப் தீ விபத்துல கருகிப் போச்சு. அந்தக் கருகின ஃபிலிம ஈரம் ஏத்தி, கிழிஞ்சத கையால ஒட்டி, இத்தாலில போலோன்யா லேப்ல ஃப்ரேம் ஃப்ரேமா மீட்டு 2015ல கொண்டுவந்தாங்க. அத எப்படி செஞ்சாங்கன்னு அந்த டிஸ்க்லயே இருக்கு, படம் முடிஞ்சதும் கண்டிப்பா பாருங்க.

கேள்வி (ஆஸ்டின்): வீட்டுல ப்ளேயரே இல்ல. ஊருல இருந்து கொண்டு வந்த டிவிடி ப்ளேயர் பெட்டில கெடக்கு, அது ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. டிஸ்க்கயும் ப்ளேயரையும் நாட்டு வாரியா ரீஜன்னு பிரிச்சு பூட்டி வச்சிருக்காங்க, டிவிடில அமெரிக்கா ரீஜன் 1, இந்தியா ரீஜன் 5, ப்ளூரேல இங்க ஏ, நம்ம ஊரு சி. ரீஜன் லாக் இல்லாத ப்ளேயர்னா ஓடும், ஆனா வோல்டேஜ் தொல்லை வேற. ப்ளேஸ்டேஷன் 5லயோ எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்லயோ டிஸ்க் போடற மாடல் வீட்டுல இருந்தா 4கே வரைக்கும் அதுலயே ஓடும், புள்ளைங்க கேம் விளையாடற பெட்டி ப்ளேயரும்தான்னு பல பேருக்கு தெரியறதில்ல. இல்லன்னா லேப்டாப்ல சொருகற யூஎஸ்பி டிவிடி ட்ரைவ் ஒண்ணு, விஎல்சிங்கற ஃப்ரீ சாஃப்ட்வேர் ஒண்ணு, டிவிடிக்கு அது போதும். சில லைப்ரரில ப்ளேயரையே இரவல் குடுக்கறாங்க, கேட்டுப் பாருங்க.

கேள்வி (ஃபீனிக்ஸ்): படம் பாதில நின்னு போகுது, என்ன பண்ணறது?

முக்காவாசி வெறும் கைரேகைதான். மெத்துன்னு ஒரு துணிய லேசா நனச்சு நடுவுல இருந்து வெளிய பாத்து நேரா தொடைங்க, வட்டமா தேய்க்கவே கூடாது. அப்பவும் நின்னா திருப்பிக் குடுக்கறப்ப எத்தனாவது நிமிஷத்துல நின்னுச்சுன்னு ஒரு சீட்டு எழுதி வைங்க. பாலிஷ் போடற மெஷின் பல லைப்ரரில உண்டு. சொல்லாம பெட்டில போட்டுட்டுப் போனா அடுத்தவங்களுக்கும் அதே எடத்துலதான் நிக்கும்.

கேள்வி (அட்லாண்டா): எடுத்து ஒரு காப்பி போட்டு வச்சுக்கலாமா?

கூடாதுங்க. காப்பி எடுக்க விடாம டிஸ்க்ல போட்டிருக்கற டிஜிட்டல் பூட்ட ஒடைக்கறது 1998 காப்பிரைட் சட்டப்படியே (டிஎம்சிஏ) தப்பு. திரும்பப் பாக்கணும்னா திரும்ப எடுங்க, அந்தக் கணக்கு ஷெல்ஃபுக்கும் நல்லது.

கேள்வி (ஹூஸ்டன்): தமிழ்ச் சங்கத்துல மாசம் ஒரு உலக சினிமா போடலாம்னு இருக்கோம், லைப்ரரி டிவிடி போடலாங்களா? டிக்கெட் எல்லாம் கெடையாது.

நல்ல யோசனை, ஆனா அப்படியே போடக்கூடாது. டிஸ்க் வீட்டுல பாக்கறதுக்கு மட்டும், பொது எடத்துல டிக்கெட் வாங்கலன்னாலும் பப்ளிக் பர்ஃபாமன்ஸ் ரைட்ஸ், அதாவது பொதுவுல போட்டுக் காட்டற உரிமை வேணும். உங்க லைப்ரரிகிட்டயே பேசுங்க, சில லைப்ரரி வருஷ லைசென்ஸ் எடுத்து வச்சிருக்கும், அந்த லிஸ்ட்ல இருக்கற கம்பெனிப் படம்னா அவங்க மீட்டிங் ரூம்லயே சேந்து போடலாம். அது இல்லன்னா ஜேனஸ் மாதிரி உரிமை வச்சிருக்கற கம்பெனிக்கு மெயில் போடுங்க, எத்தன பேர் வருவாங்க, டிக்கெட் உண்டா இல்லையான்னு தெளிவா எழுதுங்க.

கேள்வி (ஷார்லட்): அப்பா அம்மா ஆறு மாசம் வந்திருக்காங்க. பழைய தமிழ்ப் படம் லைப்ரரில கெடைக்குமாக்கா?

நம்ம மக்கள் நெறைய இருக்கற ஊருல தமிழ் டிவிடி ஷெல்ஃப் உண்டு. உங்க ஊருல இல்லன்னா வாங்கச் சொல்லி ரிக்வெஸ்ட் போடுங்க. அவங்களுக்கு தனிக் கார்டு குடுக்கறது லைப்ரரியப் பொறுத்தது, உங்க கார்டுலயே எடுத்துக் குடுத்தா போச்சு. சப்டைட்டில் படிக்க சிரமப்படறவங்களா இருந்தா பேச்சு கம்மியான படமா பாத்து எடுங்க, சாப்ளின், பஸ்டர் கீட்டன் எல்லாம் பேரப் புள்ளைங்களோட உக்காந்து பாக்க அவ்ளோ நல்லா இருக்கும். த ரெட் பலூன்னு 1956 ஃப்ரெஞ்ச் படம், 34 நிமிஷம்தான், பேச்சே கெடையாதுன்னு சொல்லலாம், நாலு வயசு கொழந்தைல இருந்து எல்லாரும் பாக்கலாம்.

கேள்வி (சாக்ரமென்டோ): லேட் ஆனா ஃபைன் எவ்ளோ?

பல ஊருல ஃபைனையே எடுத்துட்டாங்க, சான் ஃப்ரான்சிஸ்கோவும் சிகாகோவும் 2019லயே, நியூயார்க் 2021ல. தொலச்சா மட்டும் டிஸ்க் வெல கட்டணும், கிரைட்டீரியன் ப்ளூரே ஒண்ணு போட்ட வெல 40 டாலர் கிட்ட வரும்.

கேள்வி (டெட்ராய்ட்): என்கிட்ட பெரிய கலெக்ஷன் இருக்கு, இடம் இல்ல, லைப்ரரிக்கு குடுத்தா ஷெல்ஃப்ல வைப்பாங்களா?

அப்படியே பெட்டியோட கொண்டு போய் டெஸ்க்ல வச்சா பெரும்பாலும் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் த லைப்ரரி (லைப்ரரிக்கு உதவற தன்னார்வக் குழு) சேல்லதான் போகும், ஒரு டாலர் ரெண்டு டாலருக்கு. முதல்ல டைட்டில் லிஸ்ட் ஒண்ணு டைப் பண்ணி, படம் வாங்கற பொறுப்புல இருக்கறவங்களுக்கு அனுப்புங்க, எது கேட்டலாக்ல இல்லையோ அதுக்கு ஒரு மார்க் போடுங்க. நாங்க அந்த மாதிரி லிஸ்ட் வந்தா உக்காந்து பாப்போம். டிஸ்க் கீறல் இல்லாம, உள்ள இருக்கற புக்லெட்டோட இருக்கணும், வீட்டுல ரைட் பண்ணினது எதுவும் சேக்க முடியாது. சேத்த பிறகு நீங்களும் உங்க ஃப்ரெண்ட்ஸும் அப்பப்ப போய் எடுங்க, இல்லன்னா மூணு வருஷத்துல அது களையெடுப்பு லிஸ்ட்ல வந்துடும்.