அழைப்பதற்கென்று தந்த திருநாமங்கள்

வாசகர் கேள்வி – பதில்

அல்லாஹ்வின் திருநாமங்களையும் பண்புகளையும் பற்றிக் கடந்த சில மாதங்களில் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். ஒன்றுக்கு எழுதிய பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் வாசகர்கள் முழுவதையும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் அல்லாஹ்வின் 99 திருநாமங்கள் அச்சிட்ட கண்ணாடிச் சட்டம் பல வருடங்களாக மாட்டியிருக்கிறது. என் மகள் மத்ரஸாவிலிருந்து கொண்டுவந்த சிறு புத்தகத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தபோது சில பெயர்கள் மாறியிருக்கின்றன. எந்தப் பட்டியல் சரி? — வாசகி, மேலப்பாளையம்

பதில்: உங்கள் மகள் கண்டுபிடித்த வேறுபாட்டை ஹதீஸ் (நபிமொழி) கலை அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டு, அதற்கான காரணத்தையும் எழுதிவைத்திருக்கிறார்கள். “அல்லாஹ்வுக்குத் தொண்ணூற்றொன்பது, அதாவது நூற்றுக்கு ஒன்று குறைவான பெயர்கள் இருக்கின்றன, அவற்றை யார் ‘இஹ்ஸா’ செய்கிறாரோ அவர் சொர்க்கம் புகுவார்” என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்த இரு நூல்களிலும் பெயர்களின் பட்டியல் இல்லை. நாம் மனனம் செய்யும் பட்டியல், வலீத் இப்னு முஸ்லிம் என்ற அறிவிப்பாளர் வழியாகத் திர்மிதி நூலில் வருவது. அதைப் பதிவுசெய்த இமாம் திர்மிதியே அந்த அறிவிப்பு ‘கரீப்’, அதாவது ஒற்றை வழியில் மட்டும் வருவது என்று குறிப்பிட்டிருக்கிறார். இப்னு மாஜா நூலில் உள்ள பட்டியல் இதனின்றும் வேறுபடுகிறது. இவற்றை ஆராய்ந்த இப்னு தைமிய்யா, இப்னு ஹஜர் அஸ்கலானி போன்றோர், பட்டியல் நபிமொழியின் பகுதியன்று, குர்ஆனிலிருந்து அறிஞர்கள் தொகுத்ததை அறிவிப்பாளர்கள் ஹதீஸின் பின்னால் சேர்த்திருக்கிறார்கள் என்று முடிவு கூறினார்கள்.

இதற்கு மிகத் தெளிவான சான்று உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கக்கூடும். அந்தச் சட்டத்தில் ‘ரப்பு’ (படைத்துப் பரிபாலிப்பவன்) என்ற பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். திர்மிதியின் பட்டியலில் அது இல்லை. ‘அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்’ என்று தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்திலும் நாம் ஓதுகின்ற பெயர், நபிமார்களின் துஆக்களில் (பிரார்த்தனைகளில்) பெரும்பாலானவை தொடங்குகின்ற பெயர், மிகப் பரவலான பட்டியலில் இடம்பெறவில்லை என்றால், அந்தப் பட்டியல் திருநாமங்களை முழுமையாக அடக்கியது என்று எப்படிச் சொல்ல முடியும்? ‘அல்லாஹ் ஜமீல், அவன் அழகை விரும்புகிறான்’, ‘அல்லாஹ் ரஃபீக், அவன் மென்மையை விரும்புகிறான்’ என்று முஸ்லிமில் பதிவான ஹதீஸ்களில் வரும் பெயர்களும் அதில் இல்லை.

அப்படியானால் 99 என்ற எண் ஏன் என்று கேட்பீர்கள். “தருமத்துக்கென்று ஒதுக்கிய ஆயிரம் ரூபாய் என்னிடம் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், அவரிடம் அதைத் தவிர வேறு பணமே இல்லை என்று நாம் பொருள்கொள்வதில்லை. அவ்வாறே, இஹ்ஸா செய்தால் சொர்க்கம் என்ற சிறப்புக்குரிய பெயர்கள் 99 என்பதுதான் ஹதீஸின் கருத்து. மொத்தமே அவ்வளவுதான் என்பது அன்று. அறிஞர்கள் இதில் ஒன்றுபட்டிருப்பதாக இமாம் நவவி எழுதுகிறார். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் துஆ ஒன்று முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நீ உனக்குச் சூட்டிக்கொண்ட, உன் வேதத்தில் இறக்கிய, உன் படைப்புகளில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்த, அல்லது மறைவான அறிவில் உன்னிடமே வைத்துக்கொண்ட ஒவ்வொரு பெயரைக் கொண்டும் உன்னிடம் கேட்கிறேன் என்பது அதில் வரும் வேண்டுதல். எந்தப் படைப்புக்கும் சொல்லப்படாத பெயர்கள் அவனுக்கு இருக்கும்போது நம் எண்ணிக்கை எங்கே நிறைவுபெறும்?

‘இஹ்ஸா’ என்ற சொல்லுக்கு எண்ணுதல் என்பது அகராதிப் பொருள். எண்ணி மனனமிடுதல், பொருளறிதல், அந்தப் பொருளுக்கேற்ப வாழ்தல் என அதன் படிகளை அறிஞர்கள் விரித்திருக்கிறார்கள். ‘அர்ரஸ்ஸாக்’, அதாவது வாழ்வாதாரம் அளிப்பவன் என்ற பெயரை மனனமிட்ட வியாபாரி, வாழ்வாதாரம் போய்விடுமோ என்ற அச்சத்தில் எடையைக் குறைத்தால் அந்தப் பெயரை அவர் இன்னும் இஹ்ஸா செய்யவில்லை. சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்க வேண்டியதில்லை. அதிலுள்ள பெயர்களில் மிகப் பெரும்பாலானவை குர்ஆனில் இருப்பவையே. வாரம் ஒரு பெயராக எடுத்து, அது எந்த வசனத்தில் எந்தச் சூழலில் வருகிறது என்று மகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: ‘ரஹ்மான்’, ‘ரஹீம்’ இரண்டும் கருணையைத்தானே குறிக்கின்றன? ஏன் இரண்டு பெயர்கள்? — வாசகர், காயல்பட்டினம்

பதில்: இரண்டும் ‘ரஹ்மத்’ என்ற ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ‘ரஹ்மான்’ என்ற சொல்லமைப்பு நிறைந்து ததும்பும் நிலையைக் காட்டும். ‘ரஹீம்’ அந்தக் கருணை இடையறாது சென்று சேர்வதைக் காட்டும். முதலாவது படைப்பினம் அனைத்தையும் தழுவுவது, இரண்டாவது நம்பிக்கையாளர்களுக்கு உரியது என்று விரிவுரையாளர்கள் பலர் கூறுவதற்கு, ‘அவன் நம்பிக்கையாளர்கள்மீது ரஹீமாக இருக்கிறான்’ (33:43) என்ற வசனம் ஆதாரமாக அமைகிறது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன்’ என்று எழுதியதை நான் பெரிதும் மதிக்கிறேன். அருள் என்பது தொடர்பு பாராமல் எல்லா உயிர்கள்மீதும் செல்வது, அன்பு என்பது தொடர்புடையார்மீது செல்வது என்று திருக்குறள் உரையில் பரிமேலழகர் பிரித்துக் காட்டுவார். அந்தப் பிரிவினை விரிவுரையாளர்களின் இந்த விளக்கத்தோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் தமிழில் அருளும் அன்பும் இருவேறு சொற்களாகிவிடுவதால், ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைப்பதன் அழகு மறைந்துவிடுகிறது. அந்த வேரிலிருந்தே ‘ரஹிம்’, அதாவது கருவறை, அதன்வழி இரத்த உறவு என்ற சொல்லும் வருகிறது. “நான் ரஹ்மான், உறவைப் படைத்து அதற்கு என் பெயரிலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தேன், அதைச் சேர்த்து வாழ்பவனை நான் சேர்த்துக்கொள்வேன், அதை முறிப்பவனை நானும் முறித்துவிடுவேன்” என்ற கருத்தில் ஹதீஸ் குத்ஸீ (அல்லாஹ்வின் கூற்றாக நபியவர்கள் அறிவித்தது) ஒன்று திர்மிதியிலும் அபூதாவூதிலும் பதிவாகியிருக்கிறது. சொத்துத் தகராறில் உடன்பிறந்தவர்களோடு பேச்சை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வேலையையும் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குபவர் இந்த ஹதீஸை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

மக்கத்துக் குறைஷிகளுக்கு ‘அல்லாஹ்’ என்ற பெயர் பழக்கமானது. ‘ரஹ்மான்’ என்பதையே அவர்கள் ஏற்க மறுத்தார்கள். நபி (ஸல்) அவர்களுக்கும் குறைஷிகளுக்கும் இடையிலான ஹுதைபிய்யா உடன்படிக்கையை ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்று தொடங்கி எழுதும்போது குறைஷிகளின் தூதரான ஸுஹைல் இப்னு அம்ரு, ரஹ்மான் என்பவர் யாரென்று தமக்குத் தெரியாது, வழக்கம்போல் ‘பிஸ்மிகல்லாஹும்ம’ (அல்லாஹ்வே, உன் பெயரால்) என்றே எழுத வேண்டும் என்று வாதாடினார். நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கினார்கள். ‘அல்லாஹ் என்று அழையுங்கள், அல்லது ரஹ்மான் என்று அழையுங்கள், எப்படி அழைத்தாலும் அழகிய பெயர்கள் அவனுக்கே உரியன’ என்பது குர்ஆன் (17:110).

கேள்வி: என் பேரனின் பெயர் அப்துர் ரஹ்மான். பள்ளியில் எல்லோரும் ‘ரஹ்மான்’ என்றே கூப்பிடுகிறார்கள். இது பாவமாகுமா? — வாசகர், கீழக்கரை

பதில்: அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிமில் இருக்கிறது, நல்ல பெயரைத்தான் வைத்திருக்கிறீர்கள். திருநாமங்களில் சில அவனுக்கு மட்டுமே உரியவை: அல்லாஹ், ரஹ்மான், காலிக் (படைப்பவன்), ரஸ்ஸாக் போன்றவை. வேறு சிலவற்றைக் குர்ஆனே மனிதர்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறது. நபியவர்களை ‘ரஊஃப், ரஹீம்’ (9:128) என்றும், மனிதனைக் கேட்பவனாகவும் பார்ப்பவனாகவும் (76:2) ஆக்கியதாகவும், எகிப்தின் அமைச்சரை ‘அஸீஸ்’ (12:30) என்றும் சொல்லுகிறது. ஆகவே அப்துர் ரஹீமை ரஹீம் என்றோ, அப்துல் அஸீஸை அஸீஸ் என்றோ அழைப்பதில் குற்றமில்லை. ரஹ்மான், காலிக் என்று மனிதரை அழைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

முன்பகுதியை மட்டும் வெட்டி ‘அப்துல்’ என்று அழைப்பதும் பொருளற்றது; ‘இன்னாருடைய அடிமை’ என்பதில் இன்னார் யாரென்று சொல்லாமல் நிறுத்திவிடுவது போன்றது அது. பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் இரண்டாகப் பிரிக்காமல் ‘அப்துர்ரஹ்மான்’ என்று ஒரே சொல்லாக எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். விவரம் அறியாமல் அழைக்கும் பிள்ளைகள்மீது பாவம் இல்லை. பேரனைப் பயமுறுத்தாமல், அவன் பெயரின் பொருளை அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். நண்பர்களிடம் அவனே சொல்லுவான்.

கேள்வி: பெரியவர்களை ‘அவர்’ என்கிறோம், அல்லாஹ்வை மட்டும் ‘அவன்’ என்பது மரியாதைக் குறைவில்லையா? — மாணவி, திருச்சி

பதில்: ‘அவர்’ என்பது அடிப்படையில் பன்மைச் சொல். ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் வந்த உயர்வுச் சொல்லே தவிர இலக்கணவழி வந்ததன்று என்று தொல்காப்பியமே சொல்லுகிறது. அவனுடைய ஏகத்துவத்தில் பன்மையின் சாயலும் படக்கூடாது என்பதால் தமிழ் முஸ்லிம்கள் ஒருமையைப் பற்றிக்கொண்டார்கள். அரபியிலும் ‘உன்னையே வணங்குகிறோம்’ என்று ஒருமையில்தான் ஓதுகிறோம். ‘அவன்’ என்பதில் ஆண்பால் ஈறு இருப்பது மொழியின் தேவைக்காக மட்டுமே. அல்லாஹ் ஆணுமல்லன், பெண்ணுமல்லன்.

கேள்வி: அல்லாஹ்வுக்குக் கை உண்டு என்று ஒரு பயானிலும் (மார்க்கச் சொற்பொழிவிலும்), அதற்கு ஆற்றல் என்றே பொருள் என்று மற்றொரு பயானிலும் கேட்டேன். இரு தரப்பும் மற்றவரை வழிகேடர் என்கிறார்கள். குழம்பிப்போயிருக்கிறேன். — வாசகர், புத்தளம்

பதில்: ‘அவனைப் போன்று எதுவுமில்லை, அவன் செவியுறுபவன், பார்ப்பவன்’ (42:11) என்ற வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த விவாதத்துக்குள் செல்லுங்கள். முதற்பாதி ஒப்புமையை முற்றிலும் மறுக்கிறது. அடுத்த பாதி பண்புகளை உறுதிப்படுத்துகிறது. முதற்பாதியை விட்டவர் இறைவனை மனிதனைப் போல் கற்பனை செய்வார். பிற்பாதியை விட்டவர் பண்புகளே இல்லாத ஒரு கருத்தை வணங்குவார்.

‘ரஹ்மான் அர்ஷின்மீது இஸ்தவா ஆனான்’ (20:5; அர்ஷ்: அரியணை, இஸ்தவா: உயர்தல், நிலைகொள்ளுதல்) என்பது எவ்வாறு என்று ஒருவர் கேட்டபோது, கி.பி. 795இல் மறைந்த இமாம் மாலிக் தலைகுனிந்து, வியர்த்துப்போய், பிறகு சொன்ன பதில் புகழ்பெற்றது: அந்தச் சொல்லின் பொருள் அறியப்பட்டது, எவ்வாறு என்பது அறிவுக்கு எட்டாதது, அதை நம்புவது கடமை, அதைப் பற்றித் துருவுவது பித்அத் (மார்க்கத்தில் புதிதாகப் புகுத்துவது). கை, முகம் போன்ற சொற்கள் வரும் இடங்களில் முற்கால அறிஞர்கள் பெரும்பாலும் இந்த வழியிலேயே நின்றார்கள். பிற்காலத்தில் இமாம் அஷ்அரீ, இமாம் மாத்ரூதீ ஆகியோரின் வழிவந்த அறிஞர்களில் பலர், பாமரர் உருவம் கற்பித்துவிடுவார்களோ என்று அஞ்சி, அரபு மொழி வழக்குக்கு உட்பட்டு ஆற்றல், அருள் என விளக்கம் கொடுத்தார்கள். நம் ஊர் மத்ரஸாக்களில் இருபது ஸிஃபத்துகளை (இறைப் பண்புகளை) மனனமிட்டவர்கள் இந்த மரபில் வந்தவர்கள். இரு தரப்பும் அஞ்சி விலகுவது ஒரே படுகுழியிலிருந்துதான். என் மனம் இமாம் மாலிக்கின் பதிலிலேயே அமைதி காண்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. எனினும் விளக்கம் கூறிய இமாம்களை வழிகேடர் என்று சொல்ல எனக்கு நாவு எழாது.

‘பேச்சு’ என்ற பண்பைப் பற்றிய சர்ச்சை ஒரு காலத்தில் அரச அதிகாரத்தின் கைக்குப் போனது. குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஏற்குமாறு கி.பி. 833இல் கலீஃபா மஃமூன் அறிஞர்களை நிர்ப்பந்தித்தார். மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையிடப்பட்டு, அடுத்த கலீஃபாவின் ஆட்சியில் கசையடி பட்டார். இந்த வரலாற்றைப் படித்தவர்கள் மேடையில் ஒலிபெருக்கி முன் நின்று சக முஸ்லிமின் ஈமானைத் (இறைநம்பிக்கையைத்) தீர்ப்பிடத் தயங்குவார்கள்.

கேள்வி: என் கணவர் பல மாதங்களாக நோயுற்றிருக்கிறார். ஒரு திருநாமத்தைத் தினமும் பல ஆயிரம் முறை, எண்ணிக்கை தவறாமல் ஓதச் சொன்னார்கள். நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது. அதனால்தான் குணமாகவில்லையோ என்று அழுகிறேன். — வாசகி, சென்னை

பதில்: சகோதரியே, முதலில் அந்த எண்ணத்தை உங்கள் மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். எண்ணிக்கை தவறியதற்காக அடியாளின் கையை வெறுமையாகத் திருப்புபவன் அல்லன் நம் ரப்பு. தொழுகைக்குப் பின் ஸுப்ஹானல்லாஹ் 33 முறை என்பது போல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த எண்ணிக்கைகள் இருக்கின்றன, அவற்றைப் பேணுங்கள். இந்த நோய்க்கு இந்தப் பெயர், இத்தனை ஆயிரம் என்று விதிப்பதற்கு ஆதாரபூர்வமான ஹதீஸ் எதுவும் இல்லை.

‘அழகிய பெயர்கள் அல்லாஹ்வுக்கே உரியன, அவற்றைக் கொண்டு அவனை அழையுங்கள்’ (7:180) என்பதே கட்டளை. நபிமார்கள் அழைத்த விதத்தைப் பாருங்கள். பிள்ளையில்லாத ஜகரிய்யா (அலை) அவர்கள், ‘என் ரப்பே, என்னைத் தனியாக விட்டுவிடாதே, வாரிசு கொள்வோரில் நீயே மிகச் சிறந்தவன்’ (21:89) என்று தம் தேவைக்கேற்ற பெயரால் கேட்டார்கள். நோயில் வருந்திய ஐயூப் (அலை) அவர்கள், ‘என்னைத் துன்பம் தீண்டிவிட்டது, கருணையாளர்களில் நீயே மிகப் பெரும் கருணையாளன்’ (21:83) என்று மட்டும் சொன்னார்கள். குணமாக்கு என்ற சொல்லைக்கூட அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த வசனமே அவர்களின் துன்பம் நீக்கப்பட்டதைச் சொல்லுகிறது.

மருத்துவர் கொடுத்த மருந்தைத் தவறாமல் கொடுத்துக்கொண்டே, உங்கள் வலக்கையைக் கணவரின் உடல்மீது தடவி, நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓதியதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கும் துஆவை ஓதுங்கள்: ‘அல்லாஹும்ம ரப்பன்னாஸ், அத்ஹிபில் பஃஸ, இஷ்ஃபிஹி வஅன்தஷ் ஷாஃபீ, லா ஷிஃபாஅ இல்லா ஷிஃபாஉக, ஷிஃபாஅன் லா யுகாதிரு ஸகமா.’ மனிதர்களின் ரப்பான அல்லாஹ்வே, துன்பத்தைப் போக்குவாயாக, இவருக்குக் குணமளிப்பாயாக, நீயே ஷாஃபீ, குணமளிப்பவன், நீ தரும் குணமன்றி வேறு குணமில்லை, நோயின் சுவடும் விட்டுவைக்காத குணத்தைத் தருவாயாக என்பது பொருள். இதில் வரும் ‘ரப்பு’, ‘ஷாஃபீ’ என்ற இரண்டு பெயர்களும் மேலப்பாளையத்துச் சகோதரியின் கேள்வியில் நாம் பார்த்த திர்மிதி பட்டியலில் இல்லாதவை. அரபி நாவில் வராவிட்டால் இதே பொருளைத் தமிழில் சொல்லிக் கேளுங்கள்; எத்தனை முறை என்று எண்ண வேண்டாம். உங்கள் கணவருக்காக நானும் துஆச் செய்கிறேன்.