280 ரூபாய் காபி: வாசகர் கேள்விகள்

எங்கள் தெருவில் புதிதாக ஒரு கஃபே வந்திருக்கிறது, மகள் கூட்டிப்போனாள். 'போர் ஓவர்' என்று ஒன்றைச் சொன்னேன். பால் இல்லை, சர்க்கரை இல்லை, பார்க்க வெறும் டீத்தண்ணீர், லேசாகப் புளிக்கவும் செய்தது. 280 ரூபாய்! கொட்டை கெட்டதா, நான் ஏமாந்தேனா?
வாசகி, அடையாறு

காபித்தூள் மேல் வெந்நீரைக் கையால் ஊற்றி வடிப்பதுதான் போர் ஓவர் (pour over). கொட்டை கெட்டிருக்காது. டிகாஷனுக்கு வறுக்கிற கொட்டையைக் கொஞ்சம் கருக்கவே வறுப்பார்கள். அந்தக் கசப்பு இருந்தால்தான் பாலையும் சர்க்கரையையும் தாண்டி காபி தெரியும். இந்தக் கடைகளில் பெரும்பாலும் இளம் வறுவல், அதனால் கொட்டையில் இயல்பாகவே இருக்கிற புளிப்பு கோப்பை வரை வந்துவிடுகிறது. குடிக்கும்போது ஆரஞ்சு, எலுமிச்சை ஞாபகம் வந்தால் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். அதுவே பல் கூசுகிற மாதிரி வெறும் புளிப்பு, பின்னால் ஒரு ருசியும் இல்லை என்றால் காபியின் சாரம் சரியாக இறங்கவில்லை, போட்டவர் கைக்கோளாறு. கூச்சப்படாமல் சொல்லுங்கள், நல்ல கடையில் வேறு போட்டுத் தருவார்கள்.

'ஸ்பெஷாலிட்டி' என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பயிற்சி பெற்ற ருசிபார்ப்பவர்கள் 100க்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் போட்ட காபிதான் அது. போர்டில் எழுதிக்கொள்ள யாருக்கும் தடையில்லை என்பதால், எந்த எஸ்டேட், என்றைக்கு வறுத்தது என்று கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். சிக்மகளூரோ ஏற்காடோ, பதில் சட்டென்று வந்தால் உட்காரலாம்.

விலைக்கு வருவோம். இந்த ரகக் கொட்டை கால் கிலோ 500, 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒரு கோப்பைக்கு 15 கிராம் போனால் முப்பது முப்பத்தாறு ரூபாய் ஆகும். மிச்சமெல்லாம் வாடகை, ஏசி, மெஷின், அப்புறம் அந்தத் தம்பி ஒல்லி மூக்குக் கெட்டிலோடு தராசு முன்னால் மூன்று நான்கு நிமிடம் நின்று, வெந்நீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றுகிறாரே, அந்த உழைப்பு. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், தினமும் போங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பால் இல்லாமல் முடியாது என்றால் அடுத்த முறை ஃப்ளாட் ஒயிட் கேளுங்கள். காப்பச்சினோவைவிட நுரை குறைவு, காபி தூக்கலாகத் தெரியும்.

ஃப்ளாட் ஒயிட்டும் பார்த்தாச்சு சார். ஆறிப்போய் வருகிறதே?
வாசகர், கோவை

ஆறவில்லை, அவ்வளவு சூடுதான் வைப்பார்கள். பாலை 60, 65 டிகிரியோடு நிறுத்திவிடுவார்கள், அதற்கு மேல் போனால் இனிப்பு மங்கி காய்ந்த பால் வாசனை வந்துவிடும். டபராவில் ஆற்றிக் குடித்த நமக்கு அது போதாதுதான். 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள், வந்த பிறகு திருப்பி அனுப்பினால் மறுபடி சூடாக்கின பால் நன்றாக இருக்காது.

சாப்பிட என்ன சொல்வது? மெனுவில் பாதி புரியவில்லை. அவகாடோ டோஸ்ட் 400 ரூபாய்க்குத் தகுமா?
வாசகி, திருச்சி

அவகாடோ என்பது நம் வெண்ணெய்ப் பழம், கொடைக்கானல் பக்கம் மலையில் விளைவதுதான். அதை மசித்து எலுமிச்சையும் உப்பும் போட்டு ரொட்டியில் தடவுவதற்கு 400 ரூபாயா என்றால், ரொட்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நல்ல கடையில் சார்டோ (sourdough) ரொட்டி கொடுப்பார்கள், கடை ஈஸ்ட் போடாமல், இட்லி மாவைப் போல தானாகப் புளிக்க விட்டுச் சுடுவது. மேல்தோல் மொறுமொறு என்று, உள்ளே பெரிய பெரிய ஓட்டையோடு, லேசான புளிப்போடு இருந்தால் அந்த ரொட்டிக்காகவே கொடுக்கலாம். வெறும் பிரெட்டில் தடவிக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஷக்ஷூகா சொல்லுங்கள். வட ஆப்பிரிக்கச் சமையல், தக்காளி மசாலா கொதிக்கும்போது அதிலேயே முட்டையை உடைத்து ஊற்றி வேகவைப்பது. நம் நாக்குக்கு உடனே பிடிக்கும்.

பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?
வாசகர், மதுரை

வேண்டாம். தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். ஜிஎஸ்டி வேறு விஷயம், அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். பரிமாறியவருக்கு ஏதாவது கொடுக்கத் தோன்றினால் கையில் கொடுங்கள்.

ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு லேப்டாப்போடு எவ்வளவு நேரம் உட்காரலாம்?
வாசகர், வேளச்சேரி

கடை காலி என்றால் உங்கள் இஷ்டம். வாசலில் ஆள் நிற்கிறது என்றால் இன்னொன்று சொல்லுங்கள், இல்லையென்றால் மேசையை விடுங்கள்.

அங்கே விற்கிற கொட்டையை வாங்கி வீட்டு ஃபில்டரில் போடலாமா? சிக்கரி கலந்து தருவீர்களா என்றதற்கு அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
வாசகர், கும்பகோணம்

பார்த்தால் பார்க்கட்டும். சிக்கரி குற்றமில்லை, 49 சதவீதம் வரை கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, எவ்வளவு என்று பாக்கெட்டில் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த விலைக் கொட்டையில் அதைக் கலந்தால் நீங்கள் காசு கொடுத்த வாசனையே அமுங்கிவிடும். இளம் வறுவலை வாங்காதீர்கள், பாலில் சப்பென்று போகும். மீடியத்துக்கு மேல் வறுத்ததாக, வறுத்து ஒரு மாதத்துக்குள் இருப்பதாகக் கேட்டு, சவுத் இந்தியன் ஃபில்டருக்கு என்று சொல்லி அரைத்து வாங்குங்கள். சிக்கரி இல்லாததால் டிகாஷன் வேகமாக இறங்கும், கொஞ்சம் நீர்த்தும் இருக்கும், அதனால் வழக்கத்தைவிட ஒரு ஸ்பூன் கூடப் போட்டு முதல் டிகாஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள், ஃப்ரிட்ஜ் வேண்டாம்.