புலம்பெயர்ந்த இந்தியர் கதைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஜும்பா லஹிரியின் 'தி நேம்சேக்' நாவலில், ஒரு பெயருக்காகவா அமெரிக்காவில் வளரும் அந்த வங்காளிப் பையன் இவ்வளவு தவிக்கிறான்?

பதில்: வங்காளிகளுக்கு வீட்டில் கூப்பிட ஒரு பெயர், வெளியுலகுக்கு ஒரு பெயர். வெளிப்பெயரை எழுதி அவன் அம்மாவின் பாட்டி கல்கத்தாவிலிருந்து போட்ட கடிதம் அமெரிக்கா வந்து சேரவே இல்லை. பெயர் எழுதாமல் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்ப மாட்டார்கள் என்பதால் 'கோகோல்' என்று, ஒரு ரஷ்ய எழுத்தாளரின் பெயர், வீட்டுப்பெயராகவே பதிவாகிறது. வீட்டுக்குள் இருக்க வேண்டியது வாசலுக்கு வந்துவிட்டது. அவன் தவிப்பு அங்கேதான் ஆரம்பம். பிறகு அவனே நிகில் என்று மாற்றிக்கொள்கிறான், அதிலும் நிம்மதி இல்லை.

கேள்வி: வெளிநாட்டுத் தமிழர் வாழ்க்கையை ஆங்கிலத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா?

பதில்: மலேசியாவின் ப்ரீதா சமரசன். 2008இல் வந்த 'ஈவினிங் இஸ் த ஹோல் டே', ஈப்போவில் வசதியான ஒரு வக்கீல் குடும்பத்தின் கதை. வேலைக்காரப் பெண் செல்லம் வீட்டைவிட்டு அனுப்பப்படுவதில் தொடங்குகிறது. தலைப்பைக் கவனியுங்கள்: 'பகலும் மாலை துணையிலோர்க்கே' என்ற குறுந்தொகை 234, ஏ.கே. ராமானுஜன் மொழிபெயர்ப்பு வழியாக அங்கே போயிருக்கிறது. மரபு இப்படியும் கடல் தாண்டும் என்று பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

கேள்வி: தமிழிலேயே வேண்டும்.

பதில்: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', 1972. இந்தோனேசியாவின் மெடானும் மலேசியாவின் பினாங்கும் இரண்டாம் உலக யுத்தமுமாக ஓடும் நாவலில் நாயகன் பாண்டியனின் மனம் மட்டும் மதுரைத் தெருக்களுக்கே திரும்புகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டக் கூலிகளுக்குப் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. விசாவோடு போனவர்களின் ஏக்கத்தை மட்டும் படித்தால் பாதிதான் தெரியும். தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி கூட்டிப்போன ஜனங்களின் கதையையும் சேர்த்தே படியுங்கள்.

கேள்வி: என் மகள் பிறந்ததே வெளிநாட்டில். பதினாறு வயது. எதில் தொடங்கலாம்?

பதில்: நாவல் வேண்டாம், லஹிரியின் 'மிஸஸ் சென்ஸ்' சிறுகதை போதும். அந்த அம்மா அமெரிக்காவில் தரையில் செய்தித்தாள் விரித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மணையில் காய் நறுக்குகிறார். ஊரில் கல்யாணம் என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் இப்படி உட்கார்ந்து, பேசிச் சிரித்து, ராத்திரி முழுக்க ஐம்பது கிலோ காய் நறுக்குவார்கள் என்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவன், அவர் பார்த்துக்கொள்ளும் பதினொரு வயது அமெரிக்கப் பையன். உங்கள் மகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கலாம். அப்புறம் உங்கள் அம்மாவின் அரிவாள்மணை எங்கே இருக்கிறது என்று அவளே கேட்பாள்.