வால்டோவும் அசிசியாரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருச்சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஓர் ஐயம். புனித பிரான்சிஸ் அசிசியாரும் செல்வத்தைத் துறந்து ஏழ்மையைத்தான் போதித்தார். அவரைப் புனிதராக்கிய திருச்சபை சீர்திருத்தவாதிகளைத் துரத்தியது. அவரிடம் தாழ்மை இருந்தது, இவர்களிடம் இல்லை என்பதுதானே காரணம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

லூத்தர் 300 ஆண்டுகள் பிந்தியவர், அவருடைய கேள்விகளும் வேறு. அசிசியாருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியவர் பிரான்சின் லியோன் நகரத்து வால்டோ.

பெரிய வணிகர். அசிசியார் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1173 வாக்கில், நிலபுலன்களை மனைவியிடம் விட்டுவிட்டு மிச்சத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார். குருமார் இருவருக்குக் கூலி கொடுத்து நற்செய்திகளை ஊர்மக்களின் பேச்சுமொழியில் எழுதவைத்தார். அதை மனப்பாடம் செய்த ஆண்களும் பெண்களும் தெருவில் நின்று போதித்தார்கள்.

1179இல் திருச்சபைத் தலைவர்களின் பேரவையான மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் கூடியபோது அவர்கள் ரோமுக்குப் போய் அனுமதி கேட்டார்கள். விசாரித்தவர்களில் ஒருவர் வால்டர் மேப் என்ற ஆங்கிலேயக் குரு. தந்தையாகிய கடவுளை நம்புகிறீர்களா, மகனை, தூய ஆவியை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கிறிஸ்துவின் தாயையும் நம்புகிறீர்களா என்றார். அவர்கள் வெள்ளந்தியாக ஆம் என்றார்கள். கடவுளுக்கு மட்டுமே உரிய சொல்லை மரியாவுக்கும் சொல்லிவிட்டார்களாம், அவையே சிரித்தது. ஆனால் அதே மேப் எழுதிவைத்ததைப் பாருங்கள்: இவர்கள் இரண்டிரண்டு பேராக வெறுங்காலில் போகிறார்கள், அப்போஸ்தலர்களைப் போல எல்லாவற்றையும் பொதுவில் வைத்திருக்கிறார்கள், இவர்களை உள்ளே விட்டால் நம்மை வெளியே தள்ளிவிடுவார்கள். அந்தச் சிரிப்புக்குள் இருந்தது பயம் என்றே நினைக்கிறேன்.

ஏழ்மை விரதத்துக்குத் தடையில்லை, உள்ளூர்க் குருமார் கேட்டாலொழியப் போதிக்கக் கூடாது என்பது தீர்ப்பு. அவர்கள் நிறுத்தவில்லை. 1184இல் வெரோனாவில் போப் மூன்றாம் லூசியுஸ் அவர்களைப் பதிதர், அதாவது திருச்சபையின் போதனையிலிருந்து விலகியவர்கள், என்று விலக்கினார்.

25 ஆண்டுகள் கழித்து, 1209இல், துணி வணிகரின் மகனான அசிசியார் தோழர்களோடு போப் மூன்றாம் இன்னொசென்ட் முன் நிற்கிறார். ஏறக்குறைய அதே விண்ணப்பம். இம்முறை வாய்மொழியாக அனுமதி கிடைத்தது, மனந்திரும்புதலைப் போதிக்கவும் சேர்த்து. முந்தைய ஆண்டுதான் இன்னொசென்ட், ஹுவெஸ்காவின் துராந்து தலைமையில் திரும்பிவந்த வால்டோ வழியினரைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 1184இல் எதை இழந்தோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவின் பலன் அசிசியாருக்குக் கிடைத்தது.

உங்கள் பேச்சில் பாதி உண்மை உண்டு. சாகும் முன் எழுதிய சாசனத்தில் அசிசியார், தனக்குச் சாலமோனின் ஞானமே இருந்தாலும் எளிய குருக்களின் விருப்பத்தை மீறி அவர்கள் பொறுப்பிலுள்ள பகுதியில் போதிக்கமாட்டேன் என்கிறார். வால்டோவால் அதைச் சொல்லமுடியவில்லை. ஆனால் அதன் பெயர் கீழ்ப்படிதல். தாழ்மையில் வால்டோவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கீழ்ப்படிதலும் அசிசியாரின் பிள்ளைகளைக் காக்கவில்லை. அவருடைய ஏழ்மையை அப்படியே கடைப்பிடிப்போம் என்று பிடிவாதமாக நின்ற நான்கு பிரான்சிஸ்கன் துறவிகள் 1318இல் மர்செய் நகரில் எரிக்கப்பட்டார்கள். அவர் புனிதர் பட்டம் பெற்று 90 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

வால்டோ வழியினரோ ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் ஒளிந்து வாழ்ந்து, 1532இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்த இயக்கத்தோடு சேர்ந்தார்கள். 1655இல் வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்டில் அவர்களைக் கொத்துக்கொத்தாக வெட்டினார்கள். 2015 ஜூனில், அசிசியாரின் பெயரை முதன்முதலில் சூடிய போப், டூரினில் உள்ள அவர்களுடைய ஆலயத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர்களுடைய சபைப் பேரவையான சினோடு அதை நன்றியோடு பெற்றுக்கொண்டு பதில் எழுதியது: இரத்தம் சிந்தியவர்களுக்குப் பதிலாக நாங்கள் மன்னிக்க முடியாது.