வீட்டில் அரைக்கும் சாம்பார் பொடியில் சில வாரங்களிலேயே மணம் குறைந்துவிடுகிறதே, எப்படி வறுத்து அரைக்க வேண்டும்?

மணம் போவதற்குப் பெரும்பாலும் அளவு காரணமாக இருப்பதில்லை. வறுத்த பதமும், சூடு ஆறுமுன் அரைத்து டப்பாவில் அடைப்பதுமே காரணம். அரைக் கிலோ மல்லிக்குக் கால் கிலோ வரமிளகாய், துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் தலா 100 கிராம், மிளகும் சீரகமும் தலா 50 கிராம், வெந்தயமும் விரலி மஞ்சளும் தலா 25 கிராம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. காரம் ஆகாதவர்கள் மிளகாயைக் குறைக்கலாம், மல்லியைக் குறைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் கடலைப்பருப்பு உள்வரை சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடும். அடிகனமான வாணலியில், இளந்தீயில், ஒவ்வொன்றாக வறுக்க வேண்டும். மல்லியை நிறத்தைப் பார்த்து இறக்குவதைவிட, இரண்டு விதைகளை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்ப்பது நல்லது. பிசுபிசுப்பின்றி மொறுமொறுவென்று உடைந்தால் அதுவே பதம். மிளகு வெடிக்கத் தொடங்கியதும் எடுத்துவிடலாம். சீரகத்திற்கு அடுப்பை அணைத்தபின் வாணலியில் தங்கும் சூடே போதும். மிகுந்த கவனம் தேவைப்படுவது வெந்தயத்திற்குத்தான்: இலேசாகச் சிவந்து வாசனை எழுந்தவுடன் தட்டில் கொட்டிவிட வேண்டும், வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகி, பொடி முழுவதையும் கசக்க வைத்துவிடும், பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. மிளகாயின் நெடி வாணலியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைக் கடைசியாக வறுப்பது வழக்கம்; நல்ல வெயிலில் சருகாகக் காய்ந்த மிளகாயென்றால் வறுக்கவே தேவையில்லை, நிறமும் அப்படியே இருக்கும். விரலி மஞ்சளை வறுக்காமல் நன்றாகக் காயவைத்து, தட்டி உடைத்துச் சேர்க்க வேண்டும்.

மணம் என்பது இவ்விதைகளில் உள்ள எண்ணெய்களே. அவை சூட்டில் எளிதில் ஆவியாகிவிடும். ஆகையால் வறுத்தவற்றைப் பரப்பி, தொட்டால் சிறிதும் சூடு தெரியாத அளவுக்கு ஆறவைத்த பின்னரே அரைக்க வேண்டும். மிக்ஸியில் அரைப்பவர்கள் தொடர்ந்து ஓடவிடாமல் விட்டுவிட்டு அரைத்தால் ஜார் சூடேறாது. மில்லில் கொடுத்து அரைத்த பொடி சூடாகவே வீட்டுக்கு வரும். அதைச் செய்தித்தாள் மீது பரப்பி ஆறவிடாமல் அடைத்தால் உள்ளே நீர் வியர்த்துக் கட்டி தட்டும், பூஞ்சையும் பிடிக்கும்.

ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் பொடியை அழுத்தி நிரப்பி, அன்றாடத் தேவைக்குச் சிறு டப்பாவில் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் குழம்பின் மேல் பாட்டிலைச் சாய்த்துக் கொட்டக் கூடாது, ஆவி உள்ளே ஏறிவிடும். இப்போது உங்களிடம் இருக்கும் மணம் குறைந்த பொடியை எறிந்துவிட வேண்டியதில்லை. ஒரு ஸ்பூன் மல்லியையும் நாலைந்து வெந்தயத்தையும் புதிதாக வறுத்துப் பொடித்து, சாம்பாரை இறக்கும் தறுவாயில் தூவினால் அந்தப் பொடியையும் நல்லபடியாகத் தீர்த்துவிடலாம்.